மான்டே கார்லோ கேசினோ: சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு

மான்டே கார்லோ கேசினோவின் முன்வாசலில் எந்த நேரமும் ஒரு கூட்டம் நிற்கும். அதில் முக்கால்வாசிப் பேர் பார்ப்பது கட்டடத்தை அல்ல, வாசலில் நிறுத்தியிருக்கும் கார்களை. நாலு படம் எடுத்துக்கொண்டு, குடிக்க ஏதாவது வாங்கலாம் என்று விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, திகைத்துப்போய் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்கள். ஐரோப்பாவின் மிகப் புகழ்பெற்ற சூதாட்ட மாளிகையை இப்படிப் பார்ப்பதும் பார்க்காமல் இருப்பதும் ஒன்றுதான். அரை நாள் ஒதுக்க முடிந்தால் அதை எந்த வரிசையில், எந்த நேரத்தில் பார்ப்பது என்பதை இங்கே சொல்கிறேன். சூதாட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. உண்மையில், ஆடாமல் பார்ப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டடம் அதிகம் கொடுக்கிறது.

முதலில் கொஞ்சம் கதை

இந்தக் கதை தெரியாமல் உள்ளே போனால் தங்கப்பூச்சு மட்டும்தான் கண்ணில் படும். இந்தக் கேசினோ இருக்கும் மொனாக்கோ இன்று பணக்காரர்களின் ஊர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது கடனில் தத்தளித்த ஒரு சின்னஞ்சிறு சமஸ்தானம். அதன் வருமானம் பெரும்பாலும் மாந்தோன், ரோக்புரூன் என்ற இரண்டு ஊர்களின் எலுமிச்சை, ஆலிவ் விளைச்சல் மீதான வரியிலிருந்து வந்தது. 1848இல் அந்த இரண்டு ஊர்களும் பிரிந்துபோயின. 1861இல் மொனாக்கோவை ஆண்ட இளவரசர் மூன்றாம் சார்லஸ் 40 லட்சம் பிராங்க் பெற்றுக்கொண்டு அவற்றை முறைப்படி பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தார். நிலத்தின் பெரும்பகுதி கைவிட்டுப்போனது. மீதி இருந்தது ஒரு பாறை, ஒரு துறைமுகம், எதிரே ஒரு வெறும் மேடு.

சூதாட்டம் அன்று பிரான்சில் தடைசெய்யப்பட்டிருந்தது. அந்தத் தடையைப் பிழைப்புக்கு வழியாக்கலாம் என்ற யோசனை அரச குடும்பத்துக்கு முன்பே தோன்றியிருந்தது. அதில் முனைப்பாக இருந்தவர் இளவரசரின் தாய் கரோலின். 1856இல் தொடங்கிய முதல் கேசினோ தள்ளாடியது. சரியான சாலை இல்லை, ரயில் இல்லை, யார் வருவார்கள்? 1863இல் ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரில் கேசினோ நடத்திப் பெரும்பணம் சேர்த்திருந்த பிரான்சுவா பிளாங் என்பவர் 17 லட்சம் பிராங்க் கொடுத்து 50 ஆண்டு உரிமையை வாங்கினார். அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 'கடல் குளியல் சங்கம்' என்ற பொருள் தரும் சோசியேத்தே தே பேன் தெ மேர். சூதாட்டம் என்ற பேச்சே பெயரில் வராதபடி பார்த்துக்கொண்ட கெட்டிக்காரத்தனத்தை ரசிக்காமல் இருக்க முடியாது. கேசினோவை இன்றும் நடத்துவது அதே நிறுவனம்தான்; பெரும்பான்மைப் பங்கு மொனாக்கோ அரசிடம் இருக்கிறது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. 1866இல் அந்த மேட்டுக்கு இளவரசரின் பெயரால் மான்டே கார்லோ என்று பெயர் வைத்தார்கள். 1868இல் ரயில் வந்தது. மறு ஆண்டு குடிமக்கள் மீதான நேரடி வரிகள் நீக்கப்பட்டன. 1872 முடிவில் ஜெர்மனியில் சூதாட்டக் கூடங்கள் மூடப்பட்டபோது அங்கு போய்க்கொண்டிருந்த பிரபுக்களும் இங்கே திரும்பினார்கள். அந்தப் பணம்தான் நீங்கள் பார்க்கப்போகும் சுவர்களாகவும் தூண்களாகவும் கூரைகளாகவும் மாறியது. இடையில் ஒன்று: மொனாக்கோ குடிமக்கள் இந்தக் கேசினோவில் ஆட அன்றும் அனுமதி இல்லை, இன்றும் இல்லை.

எப்படிப் போவது, எப்போது போவது

மொனாக்கோவில் விமான நிலையம் கிடையாது. பக்கத்திலிருப்பது பிரான்சின் நீஸ். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களுக்கு மொனாக்கோவுக்குத் தனி விசா தேவையில்லை. பிரான்சுக்கான ஷெங்கன் விசாவே போதும், எல்லையில் யாரும் நிறுத்துவதும் இல்லை. ஆனாலும் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு வராதீர்கள். ஏன் என்பது மாலைப் பகுதியில் வரும். செலவு யூரோவில்.

தங்குவதற்கு நீஸ் நகரமே நல்லது. மொனாக்கோ ஓட்டல்களின் ஓர் இரவு வாடகையில் நீஸில் சில நாட்கள் இருந்துவிடலாம். நீஸ் வில் நிலையத்திலிருந்து மொனாக்கோவுக்கு வட்டார ரயில் அடிக்கடி உண்டு. பயணம் அரை மணிக்கும் குறைவு. கடலோரச் சாலை வழியாகப் பஸ்ஸும் போகிறது. மெதுவாகப் போனாலும் காட்சி அருமை. போகும்போது ரயில், திரும்பும்போது பஸ் என்று வைத்துக்கொள்ளலாம். பாரிஸில் உறவினர் வீட்டுக்கு வந்திருப்பவர்கள் அதிவேக ரயிலில் சுமார் ஆறு மணி நேரத்தில் நீஸ் வந்துவிடலாம்.

மொனாக்கோ ரயில் நிலையம் பாறைக்குள் குடைந்து கட்டப்பட்டது. வெளியேறும் வழிகள் பல. தவறான வழியில் போனால் பல மாடி உயரம் ஏறவேண்டி வரும். கேசினோ என்று எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டே நடங்கள். ஊர் முழுவதும் பொதுமக்களுக்கான லிஃப்டுகளும் நகரும் படிகளும் இலவசமாக இயங்குகின்றன. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துவந்தால் இது பெரிய உபகாரம்.

நேரம்தான் முக்கியம். காலையில், பொதுவாகப் பத்து மணி முதல் மதியம் ஒரு மணி வரை, கேசினோ பார்வையாளர்களுக்காக மட்டும் திறந்திருக்கிறது. மேசைகள் உறையில் கிடக்கும். கட்டணம் செலுத்தி, ஒலிவழிகாட்டியைக் காதில் வைத்துக்கொண்டு கூடம் கூடமாக நடக்கலாம். குழந்தைகளையும் அழைத்துப்போகலாம், படமும் எடுக்கலாம். மதியம் இரண்டு மணிக்கு மேல் அதே கூடங்கள் சூதாட்டத்துக்கு. அப்போது 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை, கேமராவுக்கும் வேலை இல்லை. கட்டடம் பார்க்க வருகிறவர்களுக்குக் காலையைவிட நல்ல நேரம் கிடையாது. நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால் கிளம்புவதற்கு முந்தைய நாள் அவர்களுடைய இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்வாசலுக்குப் போகாதீர்கள், பின்பக்கம் போங்கள்

ஒன்பது மணிக்கே வந்துவிட்டால், நேராக முன்வாசலுக்குப் போகாமல் கட்டடத்தைச் சுற்றிக் கடல் பக்கத்து மொட்டைமாடிக்குப் போங்கள். டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. என் கணக்கில் இந்தக் கட்டடத்தின் உண்மையான முகம் இதுதான். பழைய மான்டே கார்லோ ரயில் நிலையம் இந்த மாடிக்கு நேர் கீழே, கடலோரத்தில் இருந்தது. ரயிலிலும் கப்பலிலும் வந்த அன்றைய பயணிகளுக்கு முதலில் தெரிந்தது இந்தப் பக்கம்தான்.

இங்கே எழுந்து நிற்கும் இரட்டைக் கோபுரங்களும் பெரிய வளைவு சன்னல்களும் சால் கார்னியே என்ற ஓபரா (இசை நாடக) அரங்கத்துக்குச் சொந்தமானவை. வடிவமைத்தவர் சார்ல் கார்னியே, பாரிஸின் பெரிய ஓபரா மாளிகையைக் கட்டியவர். அவர் இங்கே வந்த விதம் சுவையானது. பாரிஸ் ஓபராவைக் கட்டி முடிக்கப் பணம் போதாமல் பிரெஞ்சு அரசு திணறியபோது, 1874இல் சுமார் 49 லட்சம் பிராங்க் கடன் கொடுத்தவர் கேசினோக்காரரான பிளாங். பாரிஸ்காரர்கள் பெருமையோடு காட்டும் அந்த மாளிகையில் மான்டே கார்லோவில் தோற்றவர்களின் காசும் கலந்திருக்கிறது. 1877இல் பிளாங் இறந்தார். அவருக்குப் பின் நிர்வாகத்தைக் கையில் எடுத்த மனைவி மரி பிளாங்கின் காலத்தில் கார்னியே மொனாக்கோவுக்கு வந்து, ஓர் ஆண்டுக்கும் குறைவான காலத்தில் இந்த அரங்கத்தைக் கட்டி முடித்தார்.

முகப்பில் உள்ள சிற்பங்களை நிதானமாகப் பாருங்கள். பாட்டைக் குறிக்கும் சிற்பத்தைச் செய்தவர் சாரா பெர்னார்ட். ஆம், அந்தக் காலத்தின் மிகப் பெரிய நாடக நடிகைதான். அவருக்குச் சிற்பமும் கைவந்த கலை. 1879 ஜனவரி 25 அன்று அரங்கம் திறக்கப்பட்டபோது மேடையேறிக் கவிதை சொன்னவரும் அவரே. நடனத்தைக் குறிக்கும் சிற்பம், நூல்களுக்கு வரைந்த ஓவியங்களால் புகழ்பெற்ற குஸ்தாவ் தொரே செய்தது.

இதே மாடியிலிருந்து கீழே எட்டிப் பார்த்தால் ஒரு கட்டடத்தின் கூரை முழுக்க வண்ண அறுகோணங்கள் தெரியும். அது விக்டர் வசரேலி 1979இல் செய்த ஓடு ஓவியம். எரிமலைக் கல்லில் வண்ணமேற்றிய ஓடுகள். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை; ஆனால் நூறு ஆண்டு இடைவெளியில் ஒரே இடத்தில் அலங்காரம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்தது என்று பார்க்க இதைவிட வசதியான இடம் இல்லை.

சதுக்கமும் முன்மண்டபமும்

இப்போது முன்பக்கம் வாருங்கள். சதுக்கத்தின் நடுவே நிற்கும் பெரிய வட்டக் கண்ணாடி, மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் 'வான் கண்ணாடி'. ஒரு பக்கம் நின்றால் கேசினோவின் முகப்பு அதில் தலைகீழாகத் தெரியும். முகப்பை முழுதாகப் படமெடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு இது உதவும்.

சதுக்கத்தைப் பார்க்கும் இந்த முகப்பு கார்னியேயுடையது அல்ல. அதே 1878–79இல் ழுல் துத்ரூ என்ற கட்டடக்கலைஞர் மாற்றியமைத்தது. பின்பக்கம் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். இது அடக்கமானது, சமச்சீரானது. அரசு அலுவலகத்துக்கும் பொருந்தும். கடல் பக்கம்தான் கொண்டாட்டம்.

வாசலில் சீருடையுடன் நிற்பவர்களைக் கண்டு தயங்க வேண்டாம். முன்மண்டபம் வரை யாரும் போகலாம். தளம் முழுக்கப் பளிங்கு. சுற்றிலும் ஓனிக்ஸ் கல்லால் ஆன 28 அயோனியத் தூண்கள். தூணின் உச்சியில் ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் சுருண்டிருப்பதை வைத்து இந்த வகையை அடையாளம் காணலாம். மேலே உப்பரிகை, அதற்கு மேல் ஒளி இறங்கும் கூரை. மண்டபத்தின் நடுவில் நின்று திசையைக் கவனியுங்கள். நேரே எதிரில் ஓபரா அரங்கத்தின் கதவுகள். இடப்பக்கம் சூதாட்டக் கூடங்கள். பாட்டுக் கேட்க வருகிறவரும் பணம் வைத்து ஆட வருகிறவரும் ஒரே மண்டபத்தில் நுழைந்து, இங்கேதான் பிரிகிறார்கள். இடைவேளையில் கலக்கவும் செய்வார்கள், அதற்காகத்தானே இப்படிக் கட்டினார்கள்.

கூடங்களுக்குள்

நம் ஊர்ப் பெரிய கோயில்களில் ஒவ்வொரு பிரகாரமும் ஒவ்வொரு மன்னர் காலத்தில் எழுந்தது போல, இந்தக் கூடங்களும் ஒரே சமயத்தில் கட்டப்பட்டவை அல்ல. 1860களில் தொடங்கி 1910 வரை, பணம் சேரச் சேர, கிழக்குப் பக்கமாக நீண்டுகொண்டே போனவை. ஆகவே உள்ளே நடக்க நடக்க ஆண்டுகளையும் கடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 1880–81இல் கார்னியேயும் துத்ரூவும் சேர்ந்து கட்டியது ஒன்று. 1889–90இல் ஆன்றி தூசே கட்டியவை அடுத்தவை. 1910இல் பிரான்சுவா மெதசான் கட்டிய பெரும் கூடம் கடைசி. பெரும்புள்ளிகள் தனியாக ஆடுவதற்கென்று எழுந்தது அது.

ஐரோப்பாக் கூடம் பழமையான பகுதியில் இருக்கிறது. அதில் தொங்கும் பொஹீமியப் படிகச் சரவிளக்குகளை நேர் கீழே நின்று பார்க்காதீர்கள். மூலையில் நின்றால்தான் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டுவது தெரியும். கூரையின் நடுவே உள்ள கண்ணாடியையும் கவனியுங்கள். இந்தக் கூடங்களில் கண்மட்டத்தில் வெளியே பார்க்கும்படியான சன்னல்கள் குறைவு. பகல் வெளிச்சம் மேலிருந்து வருகிறது. வெளியே பக்கத்திலேயே மத்தியதரைக் கடல் இருப்பதே இங்கே மறந்துபோகும். ஆடுகிறவர் நேரத்தையும் கடலையும் மறப்பது கூடத்தை நடத்துகிறவருக்கு லாபம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இளஞ்சிவப்புக் கூடம் என்று ஒன்று உண்டு, முன்பு புகை பிடிக்கும் அறையாக இருந்தது. அதன் கூரை ஓவியத்தில் ஆடையற்ற பெண்கள் ஒய்யாரமாகச் சாய்ந்து சுருட்டுப் புகைக்கிறார்கள். அறைக்குப் பொருத்தமான குறும்பு. குழந்தைகளோடு போகிறவர்கள் கேள்விகளுக்குத் தயாராக இருங்கள்.

அலங்காரத்தை எப்படிப் பார்ப்பது என்று திகைப்பவர்களுக்கு ஒரு யோசனை. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்க்க முயலாதீர்கள். ஒரு கூடத்தில் கூரையை மட்டும், அடுத்ததில் தூண்களையும் போதிகைகளையும் மட்டும், அதற்கடுத்ததில் சுவரோவியங்களை மட்டும் பாருங்கள். எது கல், எது கல்லைப் போல் வண்ணம் தீட்டிய சுதை என்று கண்டுபிடிப்பதும் நல்ல பொழுதுபோக்கு. ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் தங்கம் திகட்டிவிடும்.

ஓபரா அரங்கம்

காலைச் சுற்றில் சால் கார்னியேயும் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். அதைப் பார்க்க நிச்சயமான வழி ஒரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்குவதுதான். சிறிய அரங்கம், இருக்கைகள் சுமார் 500 மட்டுமே. பாரிஸில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்காகச் செய்த அலங்காரத்தை இத்தனை சிறிய இடத்தில் அடைத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கவே போகலாம். பல மாடிகளாக அடுக்கிய பால்கனிகள் இங்கே கிடையாது. எல்லோரும் ஒரே தளத்தில் அமர்வார்கள், பின்னால் உயரத்தில் இளவரசருக்கான மாடம். முதலில் இது கச்சேரிகளுக்காகக் கட்டிய அரங்கம். ஓபராவுக்கு ஏற்றபடி மேடையை 1898–99இல் ஆன்றி ஷ்மித் மாற்றியமைத்தார். மஸ்னேயின் 'டான் கிஷோத்' 1910இலும், புச்சினியின் 'லா ரொந்தினே' 1917இலும், ரவேலின் 'குழந்தையும் மாயங்களும்' 1925இலும் முதன்முதலாக மேடையேறியது இங்கேதான். இவ்வளவு சின்ன ஊரின் இவ்வளவு சின்ன மேடைக்கு இந்த வரலாறு அதிகம்தான். டிக்கெட்டுகள் சீக்கிரம் தீர்ந்துபோகும். பயணத் தேதியை முடிவுசெய்யும்போதே பார்த்து வாங்குவது நல்லது.

மாலையில் உள்ளே போவதானால்

ஆடுகிற கேசினோவையும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று தோன்றினால் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு திரும்பி வாருங்கள். பாஸ்போர்ட் இங்கேதான் தேவைப்படும். வயதையும் அடையாளத்தையும் சரிபார்க்காமல் விடமாட்டார்கள். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, விளையாட்டு உடை ஆகியவை கூடாது. மாலை ஏழு மணிக்கு மேல் ஆண்கள் கோட்டு அணிந்து வருவதையே விரும்புகிறார்கள்.

சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ரூலெட் மேசை அருகே நின்று பார்ப்பதில் தவறில்லை. சக்கரத்தில் 37 குழிகள்: 1 முதல் 36 வரை எண்கள், ஒரு பூஜ்யம். அமெரிக்கச் சக்கரங்களில் இரண்டு பூஜ்யம் இருக்கும். ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தை 1843இல் ஹோம்பர்கில் போட்டியாளர்களை வீழ்த்துவதற்காகக் கொண்டுவந்தவர்கள் பிளாங்கும் அவருடைய சகோதரர் லூயியும்தான். ஓர் எண்ணில் பணம் வைத்து வென்றால் வைத்த பணத்தோடு அதைப்போல் 35 மடங்கு கிடைக்கும். உண்மையான வாய்ப்போ 37இல் ஒன்று. இந்தச் சின்ன இடைவெளிதான் நூறு யூரோவுக்குச் சராசரியாக 2 யூரோ 70 சென்டைக் கேசினோவின் பக்கம் தள்ளுகிறது. சிவப்பு, கறுப்பு போன்ற இரட்டிப்புப் பந்தயங்களில், பூஜ்யம் விழும்போது பாதிப் பணத்தைத் திருப்பித் தரும் பிரெஞ்சு முறை இருந்தால் அது பாதியாகக் குறையும். ஐந்து யூரோ வீதம் நாற்பது சுற்று ஆடினால் மேசையில் வைக்கும் மொத்தம் 200 யூரோ. சராசரி இழப்பு 5 யூரோ 40 சென்ட். கேட்கச் சாதாரணம். ஆனால் சராசரியாகத் தோற்கிறவர் யாரும் இல்லை. ஒருவர் அறுபது தோற்பார், இன்னொருவர் நாற்பது வெல்வார், வென்றவர் எழுந்துபோக மாட்டார்.

1913 ஆகஸ்ட் 18 அன்று இங்கே ஒரு மேசையில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. இனி சிவப்பு வந்தே தீரவேண்டும் என்று ஆட்கள் சிவப்பில் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். பெரும்தொகை கேசினோவுக்குப் போனது. முன்பு என்ன விழுந்தது என்பது சக்கரத்துக்கு நினைவில் இருப்பதில்லை. இந்தத் தவறான நம்பிக்கைக்கே மான்டே கார்லோ மயக்கம் என்று பெயர் நிலைத்துவிட்டது. தற்செயல் எண்களை வைத்துக் கணக்கிடும், கணிப்பொறி அறிவியல் படித்தவர்களுக்குப் பழக்கமான மான்டே கார்லோ முறைக்கும், 1940களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இருந்தவர்கள் இந்த ஊரை நினைத்துத்தான் பெயர் வைத்தார்கள்.

ஆடித்தான் பார்ப்பேன் என்பவர்கள் தோற்கத் தயாரான தொகையை ரொக்கமாக எடுத்துக்கொண்டு, வங்கி அட்டைகளை உடன் வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். உட்காருமுன் மேசையின் குறைந்தபட்சப் பந்தயத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பந்து சுழன்று வேகம் குறையும்போது ஊழியர் பந்தயம் முடிந்ததாக அறிவிப்பார். அதன்பின் சில்லுகளைத் தொடக்கூடாது.

சுற்றுவட்டாரம், சாப்பாடு, திரும்பும் வழி

சதுக்கத்தின் ஒரு பக்கம் 1864இல் திறந்த ஓட்டல் தெ பாரி. அதன் கூடத்தில் பதினான்காம் லூயி மன்னரின் குதிரைச் சிலை ஒன்று இருக்கிறது. அதிர்ஷ்டம் வேண்டி ஆட்டக்காரர்கள் தடவித் தடவி அந்தக் குதிரையின் முழங்கால் மட்டும் பளபளக்கிறது. தங்காதவர்களை எப்போதும் உள்ளே விடுவதில்லை. பாரிலோ உணவகத்திலோ உட்காரப் போகிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. சில நிமிட நடையில் உள்ள ஓட்டல் எர்மித்தாழில் வண்ணக் கண்ணாடிக் குவிமாடம் ஒன்று உண்டு, குஸ்தாவ் ஈஃபிலின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. கேசினோவின் கனத்த தங்கத்துக்குப் பிறகு அந்த இரும்பும் கண்ணாடியும் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

சதுக்கத்தில் சாப்பிட உட்காராதீர்கள், காசு கொழுத்துக் கிடந்தாலொழிய. துறைமுகப் பக்கம் இறங்கி லா கொந்தமீன் சந்தைக்குப் போனால் நியாயமான விலையில் வயிறு நிறையும். சைவர்கள் கொண்டைக்கடலை மாவில் சுடும் சோக்காவையும், கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துப் பொரிக்கும் பர்பஜுவானையும் கேட்கலாம். பர்பஜுவானில் இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தேதி குறிக்கும்போது ஒன்றை மறக்கவேண்டாம். மொனாக்கோ கிராண்ட் பிரீ கார் பந்தயம் இந்தச் சதுக்கத்தின் வழியாகவே போகிறது. நீண்டகாலம் மே மாதக் கடைசியில் நடந்தது, 2026 முதல் ஜூன் தொடக்கத்துக்கு மாறியிருக்கிறது. பந்தயத்துக்குப் பல வாரங்கள் முன்பே தடுப்புகளும் பார்வையாளர் மேடைகளும் எழுந்து பாதி ஊரை மறைத்துவிடும். பந்தய வாரத்தில் நீஸ் ஓட்டல் வாடகையும் எகிறும். கட்டடம் பார்க்க வருகிறவர்களுக்கு அக்டோபர் அல்லது மார்ச் வசதி: கூட்டம் குறைவு, வெயிலும் தாழ்ந்து விழுவதால் கடல் பக்கத்து முகப்பின் சிற்பங்கள் நன்றாக எடுத்துக்காட்டும். மாலை ஆட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவதாக இருந்தால் நீஸுக்கான கடைசி ரயில் நேரத்தை நிலையத்தில் இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் டாக்சி பிடித்தால், ரூலெட்டில் தோற்காமல் தப்பித்த பணம் அதில் போய்விடும்.